காட்டில் நின்ற கற்களும் கல்லில் ஏறாத பெயர்களும்



தெம்பனிஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? நம்மவர் எத்தனையோ பேர் பாலத்தைத் தாண்டிப் பிழைக்கப் போகும் சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் உள்ள பெரிய குடியிருப்பு நகரம் அது. மாமா வீடு, சித்தப்பா வீடு என்று பள்ளி விடுமுறையில் அங்கே போய்த் தங்கி வரும் மாணவர்களும் உண்டு. ஆனால் தெம்பனிஸ் என்றால் என்னவென்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அது ஒரு காட்டு மரத்தின் பெயர். மலாய்க்காரர் தெம்பினிஸ் என்று அழைக்கும் அம்மரம் வைரம் பாய்ந்தது, உறுதிக்குப் பேர் போனது. அந்த மரங்கள் நின்ற காடு அழிந்தது. பிறகு ரப்பரும் தென்னையும் வந்தன. அவையும் போயின. 1970களின் பிற்பகுதியில் வீவக அடுக்குமாடிகள் எழத் தொடங்கின. மரம் மறைந்த இடத்தில் மரத்தின் பெயர் மட்டும் இன்றும் நின்று நிலவுகிறது.

ஒரு மரத்துக்குக் கிடைத்த இந்த மரியாதை, போர்க்காலத்தில் காட்டிலே உயிர் விட்ட மனிதர்களுக்குக் கிடைத்ததா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு காட்டுக்குள் போய் வருவோம், வாருங்கள். தெம்பனிஸிலிருந்து டவுன்டவுன் பாதை ரயிலில் ஏறி, மெக்பர்சனில் வட்டப் பாதைக்கு மாறி, மேரிமவுண்டில் இறங்கிச் சற்று நடந்தால் மெக்ரிட்சி நீர்த்தேக்கம். அதைச் சூழ்ந்து நிற்கும் காடுதான் நாம் பார்க்கப் போகும் காடு.

தண்ணீருக்காகப் பிழைத்த காடு

சிங்கப்பூர் முழுவதும் காடு வெட்டப்பட்டபோது இந்தக் காடு மட்டும் எப்படித் தப்பியது? தண்ணீரால் தப்பியது. 1857ஆம் ஆண்டில் டான் கிம் செங் என்ற சீன வணிகப் பெருமகன், ஊருக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று 13,000 டாலர் நன்கொடை கொடுத்தார். அதை ஒட்டிப் பிறந்ததே இந்த நீர்த்தேக்கம். 1890களில் அதைப் பெரிதாக்கிய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயர் 1922இல் அதற்குச் சூட்டப்பட்டது. மரத்தை வெட்டினால் மண் கரைந்து நீர்த்தேக்கம் தூர்ந்துவிடும். ஆகவே சுற்றியுள்ள காட்டில் கை வைக்கக் கூடாது என்று அரசு காவல் போட்டது.

அதே தண்ணீர்தான் போரையும் அங்கே கொண்டு வந்தது. 1942 பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியர் ஜோகூர் நீரிணையைக் கடந்து தீவில் கால் வைத்தனர். சில நாட்களில் புக்கிட் தீமா வீழ்ந்தது. நடுத் தீவின் நீர்த்தேக்கங்கள் அவர்கள் கைக்குப் போயின. குண்டு வீச்சில் நகரத்தின் தண்ணீர்க் குழாய்கள் உடைந்து, ஏற்றிய நீரெல்லாம் தெருவில் ஓடியது. இனி ஒரு நாளுக்குத்தான் தண்ணீர் தாங்கும் என்ற நிலை வந்தபோது தளபதி பெர்சிவல் வேறு வழி இல்லாமல் பிப்ரவரி 15ஆம் நாள் புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் தளபதி யாமாஷிதாவிடம் சரணடைந்தார். ஊரின் பெயர் ஷோனான் ஆயிற்று. கடிகாரத்தைக்கூட ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள்.

சாம்பலான கோயில்

வெற்றி பெற்றவன் முதலில் என்ன செய்வான்? தன் பெயரைக் கல்லில் பொறிப்பான். ஜப்பானியரும் அதைத்தான் செய்தார்கள். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் மேற்குப் பக்கத்துக் காட்டு மேட்டில் ஷோனான் ஜின்ஜா என்ற ஷிந்தோ கோயிலைக் கட்டினார்கள். வேலை செய்தவர்கள் யார் தெரியுமா? பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள். தங்களைத் தோற்கடித்தவனுக்குத் தங்கள் கையாலேயே கோயில் கட்டும் நிலை அவர்களுக்கு! காட்டுக்குள் சாலை போட்டு, நீரின் குறுக்கே பாலம் கட்டி, மேட்டில் படிகளும் அமைத்தார்கள். சிங்கப்பூர் வீழ்ந்த முதலாண்டு நிறைவான 1943 பிப்ரவரி 15 அன்று திறப்பு விழா நடந்தது.

புக்கிட் பாத்தோக் குன்றிலும் இதே கதைதான். அங்கே ஷோனான் சூரேத்தோ என்ற உயரமான மரத்தூண், மாண்ட ஜப்பானிய வீரர்களுக்காக எழுந்தது. அதையும் கைதிகளே கட்டினார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். தங்கள் தோழர்களுக்கும் ஓர் அடையாளம் வேண்டும் என்று கைதிகள் கேட்டபோது, ஜப்பானியர் அனுமதி கொடுத்தார்கள். பெரிய தூணுக்குப் பின்னால் ஒரு சிறிய மரச் சிலுவை நடப்பட்டது. வென்றவன் தூணும் தோற்றவன் சிலுவையும் ஒரே குன்றில் நின்றன. போர்க்கொடுமையின் நடுவிலும் மனிதத்தன்மை எங்கோ ஒரு மூலையில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது என்பதற்கு இது ஒரு சாட்சி.

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. திரும்பி வரும் பிரிட்டிஷார் கையில் சிக்கி அவமானப்படக் கூடாது என்று, காட்டுக் கோயிலையும் குன்றின் தூணையும் ஜப்பானியரே அழித்துவிட்டார்கள். ஆயிரம் ஆண்டு ஆள்வோம் என்ற நினைப்பில் எழுப்பியது மூன்று ஆண்டுகூட நிற்கவில்லை! புக்கிட் பாத்தோக்கில் இன்று இருப்பவை நீளமான கற்படிகள் மட்டுமே. உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. மெக்ரிட்சியில் கைகழுவ வைத்திருந்த பெரிய கருங்கல் தொட்டி ஒன்று காட்டுக்குள் கிடக்கிறது. 2002இல் அவ்விடம் வரலாற்றுத் தலமாகக் குறிக்கப்பட்டது. ஆனாலும் அங்கே போக முறையான பாதை கிடையாது. மாணவர்களே, பார்க்க வேண்டும் என்ற ஆசையில் பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள்! அது தடை செய்யப்பட்டது, ஆபத்தும்கூட.

பெயர் சொல்லாத பெருமகன்

அதே மெக்ரிட்சியில் இன்னொரு நினைவிடம் இருக்கிறது. அதற்குப் பாதை உண்டு. நீர்க்கரையை ஒட்டி நடந்தால் மரநிழலில் ஒரு கல்லறை தெரியும். அது லிம் போ செங் உறங்கும் இடம்.

1909இல் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் பிறந்து, பதினாறு வயதில் சிங்கப்பூர் வந்து, வணிகத்தில் உயர்ந்தவர் அவர். சிங்கப்பூர் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பு மனைவி மக்களைப் பிரிந்து தீவை விட்டு வெளியேறினார். இந்தியாவுக்குச் சென்று 136ஆம் படை என்ற இரகசியப் படையில் சேர்ந்தார். 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் மலாயாவுக்குத் திரும்பி, பேராக் மாநிலத்தில் வேவுப் பணியை நடத்தினார். 1944 மார்ச் மாதக் கடைசியில் ஜப்பானியர் அவரைப் பிடித்துவிட்டனர். சித்திரவதை செய்தார்கள். கூட இருப்பவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், பெயரைச் சொல் என்றார்கள். அவர் சொல்லவில்லை. 1944 ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 35.

போர் முடிந்தபின் அவர் உடலைச் சிங்கப்பூருக்குக் கொண்டு வந்து, 1946 ஜனவரி 13 அன்று இராணுவ மரியாதையுடன் இந்தக் காட்டோரத்தில் அடக்கம் செய்தார்கள். பத்து ஆண்டு நினைவாக 1954 ஜூன் 29 அன்று நகரின் கடற்கரைத் திடலில் எட்டுப் பட்டை வடிவில் அவருக்கு ஒரு நினைவு மண்டபமும் திறக்கப்பட்டது. மற்றவர் பெயரைச் சொல்லாததற்காக உயிரைக் கொடுத்தவரின் பெயர் இன்று கல்லில் நிலைத்து நிற்கிறது.

பத்து காஜா என்றதும் நமக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வர வேண்டும். அது சிபில் கார்த்திகேசு அம்மையார். யுரேசியக் குடும்பத்தில் பிறந்து, தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்து, ஈப்போவிலும் பாப்பானிலும் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தவர். காட்டிலிருந்து இரவில் இறங்கி வரும் போராளிகளின் காயத்துக்குக் கட்டுப் போட்டதும், ஒளித்து வைத்த வானொலியில் செய்தி கேட்டதும் ஜப்பானியர் கண்ணில் அவர் செய்த குற்றங்கள். 1943இல் கைதானார். பெற்ற சின்ன மகளை முன்னால் நிறுத்திப் பயமுறுத்தியும் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. அவரும் பத்து காஜா சிறையில் அடைபட்டார். விடுதலையானபோது நடக்க முடியாத நிலை. பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளித்தது. பட்ட காயங்களின் விளைவாகவே 1948 ஜூன் மாதம் காலமானார். ஈப்போவில் அவருடைய கல்லறை இருக்கிறது. பேராக் பக்கம் போகும் மாணவர்கள் ஒருமுறை பார்த்து வாருங்கள்.

நம்மவர் நுழைந்த காடு

இதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் கல் இருக்கிறது, கல்லிலே பெயர் இருக்கிறது. இனி வேறொரு காட்டுக்குப் போக வேண்டும். அது சிங்கப்பூரில் இல்லை. ஆனால் நம் தோட்டங்களோடு இரத்த சம்பந்தம் உள்ள காடு. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே கிடக்கும் மலைக்காடு.

நம் பெரியவர்கள் "சயாம் மரண ரயில்" என்று சொல்வார்களே, அது ஓடிய காடு அதுதான். பர்மாவில் இருந்த தன் படைக்குச் சோறும் தோட்டாவும் அனுப்ப ஜப்பானுக்கு ஒரு தரைவழி வேண்டியிருந்தது. கடல்வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகள் காத்திருந்தன. ஆகவே 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் பாறையையும் பிளந்து ரயில் பாதை போட்டார்கள். 1942 இறுதியில் வேலை மும்முரமாகி 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தது. ஏறத்தாழ ஓராண்டு! அந்த அவசரத்துக்கு விலையாகப் போனவை மனித உயிர்கள். சுமார் 13,000 போர்க்கைதிகள் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களிலோ 80,000 முதல் 1,00,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் என்று பலரும் அதில் அடக்கம். மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

எப்படிப் போனார்கள்? போரினால் ரப்பருக்கு விலையில்லை, தோட்டத்தில் வேலையில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளிக்கொண்டிருந்தவனிடம், "கொஞ்ச நாள் வேலை, நல்ல சம்பளம், அரிசி தருவாங்க" என்று ஆசை காட்டினார்கள். சிலர் நம்பிப் போனார்கள். ஆள் குறைந்தபோது பலவந்தமாகப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். பெண்டு பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு. சரக்குப் பெட்டிகளில் அடைத்து ரயிலேற்றி, இறங்கிய பின் மழையில் நாள் கணக்காக நடக்க வைத்தார்கள். 1943இல் காலரா வந்தது. கூடாரங்கள் அப்படியே காலியாயின.

வெள்ளைக்காரக் கைதிகளின் பாடு மட்டும் சுகமா? இல்லவே இல்லை. அவர்களும் எலும்பும் தோலுமாகச் செத்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அவர்கள் படைப்பிரிவாகப் போனவர்கள். உடன் அதிகாரி இருந்தார், இராணுவ டாக்டர் இருந்தார். யார், எந்தப் படை, எந்த நாளில் எங்கே புதைக்கப்பட்டார் என்று இரகசியமாகவாவது குறித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்பைக் கொண்டு காடெங்கும் தேடி, எலும்புகளைச் சேகரித்து, சயாமில் காஞ்சனாபுரி, சுங்காய், பர்மாவில் தன்பியூசயாட் ஆகிய மூன்று இடங்களில் அழகான கல்லறைத் தோட்டங்கள் அமைத்தார்கள். இன்றும் புல்வெளி நடுவே வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள் நிற்கின்றன.

நம்மவனுக்கு யார் குறித்து வைத்தார்கள்? தோட்டத்தில் இருந்தவரை காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டான், கிராணி செக்ரோலில் புள்ளி வைத்தான். காட்டிலே பேர் போயிற்று. தலை எண்ணிக்கைதான் மிஞ்சியது. இருந்தவர்கள் வெட்டிய குழியில் இறந்தவர்கள் விழுந்தார்கள். மேலே மூங்கில் முளைத்தது. திரும்பி வந்தவன் சொன்னால்தான் உண்டு. வராதவன் கதை அவனோடு முடிந்தது.

நடுகல் நம் மரபு

இறந்தவனுக்குக் கல் நடுவதை நாம் வெள்ளைக்காரனிடமோ ஜப்பான்காரனிடமோ கற்றுக்கொள்ளவில்லை. சங்க இலக்கியம் நெடுகிலும் நடுகல் நிற்கிறது. தக்க கல்லைப் பார்த்துத் தேர்வது முதல், அதை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை எத்தனை கட்டம் என்று தொல்காப்பியம் முறை வகுத்திருக்கிறது. ஆநிரை மீட்கப் போய் அம்பு பட்டு மாண்ட சாதாரண மறவனுக்கும் அவன் பெயரையும் பெருமையையும் எழுதி, மயில் பீலி சூட்டிக் கல் நிறுத்தினார்கள். மன்னனுக்கு மட்டும்தான் கல் என்று நம் முன்னோர் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட இனம் சயாம் காட்டில் விட்டுவிட்டு வந்த தன் மக்களுக்குப் பல்லாண்டு காலம் ஒரு கல்லும் நடவில்லையே என்று எண்ணும்போது மனம் கூசுகிறது. ஆனால் குறை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது. நாட்டிலே ஆர். சண்முகம் போன்ற எழுத்தாளர்கள் 'சயாம் மரண ரயில்' என்ற நாவல் மூலம் எழுத்தில் ஒரு நடுகல் நட்டார்கள். 2023இல் காஞ்சனாபுரியில் ஒரு புத்த விகாரையின் வளாகத்தில், அந்தப் பாதையில் மாண்ட தமிழர்களுக்காக மெய்யாகவே ஒரு நடுகல் எழுந்தது. போர் முடிந்து 78 ஆண்டுகள் ஆகிவிட்டன என்றாலும், எழுந்ததே என்று ஆறுதல் கொள்வோம்.

சிங்கப்பூரிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1962இல் கிழக்கே சிகிலாப் வட்டாரத்தில் மண்ணைத் தோண்டியபோது, ஜப்பானியர் கொன்று புதைத்தவர்களின் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அதன் பின்னர் 1967 பிப்ரவரி 15 அன்று பீச் ரோட்டில் பொதுமக்கள் போர் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. வானளாவிய நான்கு தூண்கள், நான்கு இனத்தாருக்கு ஒவ்வொன்றாக. அதில் ஒரு தூண் நமக்கும் உரியது. அடியில் தமிழிலும் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. உறவினர் வீட்டுக்குப் போகும் மாணவர்கள் கடைத்தொகுதியிலேயே பொழுதைக் கழித்துவிடாமல், அந்தத் தமிழ் எழுத்துக்களை ஒருமுறை நின்று படித்துவிட்டு வாருங்கள்.

இனி உங்கள் வேலை

கல் நடுவது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் என்ன செய்வது? அதற்குத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன்.

தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தும்போது நான் இதைப் பற்றி மாணவர்களிடம் கேட்பதுண்டு. "எங்க தாத்தாவோட அண்ணன் சயாமுக்குப் போனாராம் சார், வரவே இல்லையாம்" என்று யாராவது ஒரு பிள்ளை எழுந்து சொல்லும். "அவர் பேர் என்ன?" என்று கேட்டால், "பேர் தெரியலையே சார்" என்று தலை குனியும். வீட்டில் கேட்டு வரச் சொன்னால், சில வீடுகளில் பெயர் கிடைக்கிறது. சில வீடுகளில் "பெரியப்பா", "மூத்தவரு" என்ற உறவுமுறை மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்னும் ஒரு தலைமுறை போனால் அதுவும் போய்விடும். அந்தப் பெயரை அறிந்த கடைசி ஆள் இன்று எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாரோ, யார் கண்டார்கள்!

ஆகவே மாணவர்களே, இந்த மலரை மூடி வைத்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். பாட்டியிடமோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமோ போய் உட்காருங்கள். "பாட்டி, ஜப்பான்காரன் காலத்துல நம்ம வீட்டுல யார் யார் போனாங்க?" என்று பொறுமையாகக் கேளுங்கள். முழுப் பெயர், தகப்பனார் பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தத் தோட்டம், உடன் போனவர் யார், திரும்பினாரா இல்லையா என்று எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் கேட்ட தேதியையும் கீழே குறியுங்கள். பாட்டிக்கு நினைவு தடுமாறினால் விரட்டாதீர்கள். இன்னொரு நாள் போய்க் கேளுங்கள். எழுதியதை ஆசிரியரிடம் காட்டுங்கள். ஒரு படி பள்ளியில் இருக்கட்டும், ஒரு படி வீட்டில் இருக்கட்டும்.

இதற்குப் பரிசு உண்டா என்று கேட்காதீர்கள். இன்று மேடையில் உங்கள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பரிசு கொடுக்கிறார்கள். பெயர் கூப்பிடும்போது உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! உங்கள் அம்மா கை தட்டும்போது எவ்வளவு பெருமை! யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் காட்டிலே கிடப்பவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான். ஒரே ஒரு பெயரை நீங்கள் மீட்டு எழுதினாலும், ஒரு நடுகல் நட்ட புண்ணியம் உங்களைச் சேரும்.

போரில்லா உலகம் மலர்க! மாண்டவர் பெயர் நிலைக்க! மாணவச் செல்வங்கள் வாழ்க, வளர்க!